கத்தரி அந்தின் பெரோமோனும் பனந்தீவுகளின் வண்டுகளும்

கத்தரிச் செடியின் இளங்குருத்து உச்சி வெயிலில் தலை சாய்ந்து, பொழுதுபட்ட பின்னும் நிமிராமல் கிடந்தால் அதனுள்ளே புழு இருக்கிறது. காய் பிடிக்கத் தொடங்கியதும் அதே இனப் புழு காய்க்குள் இறங்குகிறது. லூசினோடெஸ் ஓர்போனாலிஸ் என்னும் சிறிய அந்தின் புழு அது. வெண்ணிறச் சிறகில் கபிலப் புள்ளிகள் கொண்ட அந்த அந்து இரவில்தான் நடமாடும். முட்டையை விட்டு வெளிவந்த சில மணி நேரத்திலேயே புழு தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுவதால், மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. மருந்து படுவது இலையிலும் மண்ணிலும்தான். யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் இது மிகவும் கவலைக்குரிய செய்தி. தீவகத்தின் நன்னீர் என்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்பது. தோட்டக் கிணறும் குடிநீர்க் கிணறும் அந்த ஒரே படையிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. மண்ணில் விழுந்த நஞ்சுக்கு அங்கே வேறு போக்கிடம் இல்லை.

நஞ்சின்றி இந்த அந்தை அணுகும் வழி ஒன்று, பெண் அந்து இரவில் வெளிவிடும் மணத்தில் இருக்கிறது. அந்த மணம் எந்தப் பொருள் என்பதை இனங்கண்ட வேலையில் இலங்கை வேதியியலாளருக்கும் முதன்மையான பங்குண்டு.

பெரும்பாலான அந்து இனங்களில் பெண்ணின் வயிற்று நுனியில், கடைசி வளையங்களுக்கு இடையே ஒரு சுரப்பி இருக்கிறது. இனத்துக்கு இனம் வேறுபடும் ஒரு குறித்த இரவு வேளையில் பெண் இலையில் அமர்ந்து, வயிற்று நுனியை நீட்டி, அந்தச் சுரப்பியை வெளிக்காட்டுகிறது. ஆவியாகும் பொருள் காற்றோடு போகிறது. தன் இனத்து ஆண், இறகு போல் விரிந்த அல்லது இழை போல் நீண்ட உணர்கொம்பால் அதை உணர்ந்து, காற்றுக்கு எதிர்த்திசையில் வளைந்து வளைந்து பறந்து பெண்ணை அடைகிறது. ஒரே இனத்து உயிர்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் இத்தகைய பொருட்களுக்கு பெரோமோன் என்ற பெயரை 1959இல் கார்ல்சனும் லூஷரும் முன்மொழிந்தனர். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ர், கம்பி வலைக் கூட்டில் வைத்த ஒரு பெண் அந்தைத் தேடி இரவில் ஆண்கள் கூட்டமாக வருவதையும், கண்ணாடிக் குடுவையால் காற்றுப் புகாமல் மூடினால் கண்ணுக்குத் தெரிந்தாலும் அவை பெண்ணை நாடாததையும் எழுதிவைத்தார். ஆண்களை இழுப்பது தோற்றமன்று, மணமே என்பது அப்போதே ஏறக்குறைய தெளிவாகிவிட்டது. எந்தப் பொருளின் மணம் என்பதற்குத்தான் நீண்ட காலம் எடுத்தது.

முதல் விடை பட்டுப்பூச்சியிலிருந்து வந்தது. பாலின ஓமோன்களை ஆராய்ந்து 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசுக்குத் தெரிவான ஜெர்மனியரான அடோல்ஃப் பூட்டெனான்ட், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த ஒரு கேள்வியைத் தொடர்ந்தார். பட்டுப்பூச்சியைத் தேர்ந்தெடுத்ததில் நல்ல கணிப்பு இருந்தது. பட்டுத் தொழிலுக்காக வளர்க்கப்படுவதால் கூட்டுப்புழு வேண்டிய அளவு கிடைக்கும். அந்துக்குப் பறக்கத் தெரியாது. பெண்ணின் மணம் பட்டவுடன் ஆண் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றும். அந்தச் சிறகடிப்பே சோதனை. ஒரு கண்ணாடிக் கோலில் சாற்றைத் தொட்டு ஆணின் முன் நீட்டினால், அதில் அந்தப் பொருள் இருக்கிறதா இல்லையா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். ஏறத்தாழ 5 இலட்சம் பெண் அந்துகளின் சுரப்பிகளைக் கரைப்பானில் இட்டு, சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஆண்களிடம் காட்டி, சிறகடிப்பைத் தூண்டாத பகுதிகளை ஒதுக்கிக்கொண்டே போனார்கள். கடைசியில் கைக்கு வந்தது சில மில்லிகிராம்தான். 1959இல் அதன் கட்டமைப்பு வெளியானது. 16 காபன் அணுக்கள் கொண்ட நீண்ட சங்கிலி, ஒரு முனையில் அற்ககோல், 10ஆம், 12ஆம் காபன்களில் தொடங்கும் இரண்டு இரட்டைப் பிணைப்புகள். அதற்கு பொம்பிகோல் என்று பெயரிட்டனர்.

அதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் சிஸ், திரான்ஸ் என இரு வடிவங்களில் அமையலாம் என்பதால் இதே வாய்பாட்டுக்கு நான்கு சமபகுதியங்கள் உண்டு. நான்கையும் ஆய்வகத்தில் தொகுத்து ஆண் அந்துகளிடம் காட்டினர். 10ஆம் இடத்தில் திரான்சும் 12ஆம் இடத்தில் சிசும் அமைந்த ஒன்று மட்டும் மற்ற மூன்றையும்விடப் பல்லாயிரம் மடங்கு வலிமையாக வேலை செய்தது. கட்டமைப்பைக் காகிதத்தில் எழுதுவதும், அதைத் தொகுத்து உயிருள்ள பூச்சியிடம் கொண்டுபோய்க் காட்டுவதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதை இந்த முதல் ஆய்வே நிலைநாட்டியது. இரண்டாம் பாதியில் அவசரப்பட்டவர்கள் பின்னர் தம் முடிவைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்கக் கரப்பானின் பெரோமோன் என்று 1963இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட கட்டமைப்பு தவறு என்று தெரியவந்தது. அதைத் தொகுத்துக் காட்டியபோது ஆண் கரப்பான்கள் பொருட்படுத்தவில்லை. உண்மையான பொருளான பெரிப்பிளனோன் பி, நெதர்லாந்தில் பெர்சூன்ஸ் குழுவினர் 75,000 கன்னிப் பெண் கரப்பான்களிலிருந்து ஏறத்தாழ 200 மைக்கிரோகிராம் பிரித்தெடுத்த பிறகே வெளிப்பட்டது. அதன் முழு அமைப்பும் 1979இல் தொகுப்பின் மூலம் உறுதியானது.

இன்று இத்தனை பூச்சிகள் தேவையில்லை. ஒரு சுரப்பியில் நானோகிராம் அளவே இருந்தாலும் அதை அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. நடைமுறை ஏறக்குறைய இப்படி அமையும். புழுக்களை வளர்த்து, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். புணர்ந்த பெண் மணம் விடுவதைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்திவிடும் என்பதால் கன்னிப் பெண்களே வேண்டும். அவை அழைக்கும் வேளையைக் கவனித்து, அந்த வேளையில் வயிற்று நுனியைக் கத்தரித்து எக்சேன் போன்ற கரைப்பானின் சில துளிகளில் ஊறவிடுவார்கள். வேளை தவறினால் சுரப்பி ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். சாறு வாயு நிறப்பதிவுக் கருவிக்குள் செலுத்தப்பட்டு, நீண்ட நுண்குழாய் ஒன்றின் வழியே போகும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவருகிறது. வெளிவரும் பொருளைத் திணிவு நிறமாலைக் கருவி துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளின் நிறையைப் பதிகிறது.

கத்தரி அந்தின் பொருளையே எடுத்துக்கொண்டால் இந்த முறை நன்கு விளங்கும். அது 16 காபன் அணுக்கள் கொண்ட ஓர் அற்ககோலின் அசற்றேற்று. மூலக்கூற்று நிறை 282. நிறமாலையில் 61இல் தோன்றும் கோடு அசற்றேற்று என்பதையும், 222இல் தோன்றும் கோடு மூலக்கூறு அசற்றிக் அமிலத்தை இழந்ததையும் காட்டும். ஆனால் இரட்டைப் பிணைப்பு எந்தக் காபனில் இருக்கிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்லா. அதற்கு மாதிரியை டைமெதில் டைசல்பைட்டுடன் வினைபுரியச் செய்கிறார்கள். இரட்டைப் பிணைப்பின் இரு பக்கத்திலும் கந்தகம் ஏறுகிறது. நிறமாலைக் கருவியில் மூலக்கூறு அந்த இடத்திலேயே முறிகிறது. பிணைப்பு 11ஆம் காபனில் தொடங்கினால் துண்டுகள் 117 என்றும் 259 என்றும் விழும், இரண்டும் சேர்ந்தால் 376. பிணைப்பு ஓரிடம் தள்ளியிருந்தால் இந்த எண்கள் 14ஆல் மாறும். சில நானோகிராம் பொருளிலிருந்து இத்தனை உறுதியான விடை கிடைப்பது இந்தத் துறையின் மிக அழகான நுட்பங்களில் ஒன்று. சிசா திரான்சா என்பதை, இரண்டையும் தனித்தனியே தொகுத்து, நுண்குழாயில் எது பூச்சிச் சாற்றோடு ஒரே நேரத்தில் வெளிவருகிறது என்று ஒப்பிட்டுக் காண்பர்.

சாற்றில் பல பொருட்கள் இருக்கும். அவற்றில் எது செய்தி, எது வெறும் கொழுப்பு என்று கருவிக்குத் தெரியாது. அதை ஆணின் உணர்கொம்பு அறியும். 1950களில் ஜெர்மனியில் டீட்ரிக் ஷ்னைடர், வெட்டியெடுத்த உணர்கொம்பின் இரு முனைகளிலும் மின்வாய்களை இணைத்து, மணம் பட்டதும் எழும் சிறு மின்னழுத்த மாற்றத்தைப் பதிந்தார். 1969இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் இந்த உணர்கொம்பை வாயு நிறப்பதிவுக் கருவியின் வாயிலிலேயே பொருத்தினர். பிரிந்து வரும் பொருட்களில் உணர்கொம்பு எதற்கு அதிர்கிறதோ அது உடனடியாகத் தெரியவந்தது. லண்டனிலிருந்த வெப்பமண்டலப் பொருட்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்த ஆய்வில் பங்குகொண்டனர். பின்னாளில் கிரீனிச் பல்கலைக்கழகத்தின் இயற்கை வள நிறுவனமாக மாறியதும் அதுவே.

கத்தரி அந்தின் பெரோமோனை முதலில் அறிவித்தவர்கள் சீன ஆய்வாளர்கள், 1987இல். அடுத்த ஆண்டே அதுல ஆட்டிகல, ஷ்வார்ட்ஸ், களனிப் பல்கலைக்கழகத்தின் என். ஈ. குணவர்தன ஆகியோர் இலங்கை அந்துகளைக் கொண்டு செய்த ஆய்வை ஜெர்மனிய இதழொன்றில் வெளியிட்டனர். இரு நாட்டு அந்துகளிலும் முதன்மைப் பொருள் ஒன்றே: திரான்ஸ் 11 எக்சாடெசினைல் அசற்றேற்று. இலங்கை அந்தின் சுரப்பியில் அதோடு அதற்குரிய அற்ககோலும் மிகச் சிறிய அளவில் இருந்தது. 1989இல் ஆட்டிகல, ஹேரத் ஆகியோரோடு குணவர்தன எழுதிய கட்டுரை இலங்கைத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் இதழில் வந்தது. 1992இல் இந்தப் பொருளைச் சிக்கலின்றித் தொகுக்கும் முறையொன்றையும் அவர் அதே இதழில் வெளியிட்டார். வெளிநாட்டிலிருந்து விலைக்கு வாங்காமல் உள்நாட்டு ஆய்வகத்திலேயே தயாரிக்க வழி தேடியது அந்த முயற்சியின் சிறப்பு.

இந்த வரலாற்றில் ஊன்றிக் கற்க வேண்டிய பகுதி அடுத்து வருவது. தொகுத்த பொருள் ஆய்வகத்தில் ஆண்களை நன்றாகத் தூண்டியது. தோட்டத்தில் பொறிக்குள் வைத்தபோதோ, கூண்டில் அடைத்த உயிருள்ள கன்னிப் பெண் இழுத்த அளவுக்கு அது ஆண்களை இழுக்கவில்லை. கட்டமைப்பு சரி, பொருளும் சரி, ஆயினும் இனங்காணல் நிறைவுபெறவில்லை. இந்த முடிவை மறைக்காமல் எழுதியது அந்த ஆய்வாளர்களின் நேர்மை. பின்வந்தவர்களுக்கு எங்கே தேட வேண்டும் என்று அது காட்டியது.

விடை விகிதத்தில் இருந்தது. இயற்கை வள நிறுவனத்தின் கோர்க் தலைமையிலான குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அசற்றேற்று 100 பங்குக்கு அற்ககோல் 1 பங்கு என்ற கலவை, தனி அசற்றேற்றைவிடக் கூடுதலான ஆண்களை இந்தியாவில் பொறிக்குள் இழுத்தது. நூற்றில் ஒன்று என்ற அந்தச் சிறுபங்கு, வெறும் கலப்படம் என்று எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய அளவு. ஐரோப்பியச் சோளத் துளைப்பானில் இதைவிட வியப்பான நிலை உண்டு. ஒரே இரு பொருட்களை ஒரு பிரிவு ஏறத்தாழ 97க்கு 3 என்ற விகிதத்திலும், இன்னொரு பிரிவு 1க்கு 99 என்று தலைகீழாகவும் வெளிவிடுகின்றன. பார்வைக்கு வேறுபாடில்லாத இரு பிரிவுகளும் பெரும்பாலும் கலப்பதில்லை. விகிதத்தை அளக்காமல் பொருளின் பெயரை மட்டும் சொல்வது பாதி விடையே.

தீவகத்தின் முதன்மை மரமான பனைக்கு வந்தால் வேறொரு வகைப் பெரோமோனைச் சந்திக்க நேர்கிறது. பனையையும் தென்னையையும் தாக்கும் கருவண்டு, செவ்வண்டு இரண்டிலும் மணம் விடுவது ஆண். அதற்கு ஆணும் பெண்ணும் வருகின்றன. ஆகவே இது இனக்கவர்ச்சிப் பெரோமோன் அன்று, ஒன்றுதிரட்டும் பெரோமோன். பயன்பாட்டில் இந்த வேறுபாடு பெரிது. அந்துப் பொறியில் ஆண்கள் மட்டுமே சிக்கும். எஞ்சும் ஓர் ஆண் பல பெண்களோடு புணரக்கூடும் என்பதால் ஆண்களில் மிகப் பெரும் பகுதியைப் பிடித்தால்தான் பயன் உண்டு. வண்டுப் பொறியில் முட்டையிடவிருக்கும் பெண்ணே விழுகிறது. ஒவ்வொரு பெண் வண்டும் பிடிபடுவது மரத்துக்கு நேரடியான ஆதாயம்.

செவ்வண்டின் பொருளான ஃபெருஜினியோல், அதாவது 4 மெதில் 5 நொனனோல், 1993இலும், கருவண்டின் பொருளான எதில் 4 மெதிலொக்டனோயேற்று 1995இலும் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாலெட் முதலானோர் வெளியிட்ட ஆய்வுகளில் இனங்காணப்பட்டன. ஃபெருஜினியோல் மூலக்கூறு வலக்கை, இடக்கை போல ஆடி விம்ப வடிவங்களில் அமையக்கூடியது. அவற்றில் குறித்த ஒரு வடிவத்தையே வண்டு வெளிவிடுகிறது. செவ்வண்டில் மற்ற வடிவங்கள் கலந்திருந்தாலும் பெரிய கேடில்லை என்பதால் மலிவான கலவையே பொறிக்குப் போதும். எல்லாப் பூச்சியும் இப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஜப்பானிய வண்டில் எதிர்வடிவம் சிறிதளவு கலந்தாலே ஆண்கள் வருவது வெகுவாகக் குறைந்துவிடும்.

செவ்வண்டுக்குப் பெரோமோன் மட்டும் போதாது. மரத்தின் புளித்த மணமும் சேர்ந்தால்தான் பொறி நன்றாக வேலை செய்யும். களனிப் பல்கலைக்கழகக் குழுவினரும் ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்களும் இணைந்து 1998இல் வெளியிட்ட கட்டுரை, இளந்தென்னையின் பட்டையிலிருந்து வண்டை ஈர்க்கும் இரு பொருட்களை இனங்கண்டது. மரத்தின் மணத்தை வேதியியல் முறையில் அறிய வேண்டிய தேவை இதனால்தான் எழுகிறது. கருவண்டில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் புழு வாழ்வது உக்கிய மரத்தண்டிலும் எருக்குவியலிலும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் பதுங்கு குழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகள் ஏராளம். கிடந்து உக்கும் குற்றிகளையும் மாட்டெரு மேடுகளையும் அகற்றாமல் பொறியை மட்டும் தொங்கவிட்டால், பிடிபடுவதைவிடப் பிறப்பது கூடுதலாக இருக்கும்.

ஓலையைச் சுரண்டும் கருந்தலைப் புழுவின் அந்துக்கு வருவது மீண்டும் பெண்ணின் மணத்தை நாடும் வழிக்கு வருவதாகும். இந்தியாவில் நடந்த ஆய்வுகள் அதன் பெரோமோனை 23 காபன் அணுக்களும் மூன்று இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஐதரோகாபன் என்று கண்டன. கத்தரி அந்தின் அசற்றேற்றோடு அதற்கு உறவில்லை. அற்ககோலோ எசுத்தரோ இல்லாத வெறும் சங்கிலி அது.

தீவு என்ற நிலவமைப்புக்கும் இந்தத் துறைக்கும் உள்ள தொடர்பு வற்றாளைக் கிழங்கின் கூன்வண்டில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. அதன் பெண் வெளிவிடும் எசுத்தரை 1986இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஹீத் முதலானோர் இனங்கண்டனர். மைக்கிரோகிராம் அளவிலேயே ஆண்களை இழுக்கும் பொருள் அது. ஜப்பானின் ஒக்கினாவா மாகாணத்தைச் சேர்ந்த குமே தீவில், இந்தப் பெரோமோனையும் பூச்சிகொல்லியையும் ஊட்டிய அட்டைத் துண்டுகளைத் தூவி முதலில் ஆண்களின் தொகையைக் குறைத்தனர். பின்னர் கதிர்வீச்சால் மலடாக்கிய வண்டுகளைப் பெருந்தொகையாக விடுவித்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் முடிவில், 2013இல், அந்தத் தீவில் கூன்வண்டு அற்றுப்போனது என்று அறிவிக்கப்பட்டது. குமேயின் பரப்பு ஏறத்தாழ 59 சதுர கிலோமீற்றர். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50.

ஒப்பீடு பரப்போடு நிற்கவில்லை. நிலத்தொடர்பு உள்ள ஊரில் ஒருவர் தோட்டத்தில் ஆண் அந்துகளை எவ்வளவு பிடித்தாலும், பக்கத்துத் தோட்டத்தில் புணர்ந்த பெண் வேலியைத் தாண்டி வந்து முட்டையிடும். கத்தரி அந்துக்கு ஹெக்டேயருக்கு 100 பொறி வரை வைக்க வேண்டும் என்று தெற்காசியாவில் பரிந்துரைக்கப்பட்டதும், ஊர் முழுவதும் ஒன்றாகச் செய்தால்தான் பயன் என்று வலியுறுத்தப்பட்டதும் அதனாலேயே. வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துவிட்டன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் குறிகாட்டுவானிலிருந்து படகில்தான் போக வேண்டும். இறங்குதுறை வழியே வரும் கத்தரிக்காய், நாற்று, வற்றாளைக் கொடி, எரு ஆகியவற்றோடு பூச்சி வராமல் பார்த்துக்கொண்டால், கடல் மீதி வேலையைச் செய்யும். இவ்விரு தீவுகளும் பெரோமோன் முறைக்கு மிகவும் ஏற்ற இடங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஆய்வகத்தைச் சேர்ந்தது. இந்திய அந்துக்குப் பொருந்திய விகிதம் தீவகத்து அந்துக்கும் பொருந்துமா என்பதை உள்ளூர் அந்துகளின் சுரப்பியைக் கொண்டே அளக்க வேண்டும். திருநெல்வேலி ஊதா என்னும் கத்தரி இனமோ வேறு இனமோ பயிரிட்ட தோட்டத்தில், தொகுத்த கலவை வைத்த பொறி, உயிருள்ள கன்னிப் பெண் வைத்த பொறி, எதுவும் வைக்காத பொறி ஆகிய மூன்றையும் அருகருகே நிறுத்தி, இடத்தை மாற்றி மாற்றி, பல இரவுகள் எண்ண வேண்டும். பொறி செடியின் உச்சி மட்டத்தில் இருக்க வேண்டும், செடி உயர உயரப் பொறியும் உயர வேண்டும். இறப்பர் அடைப்பானில் ஊட்டிய பொருள் சில வாரங்களில் வலுவிழக்கும். கடற்காற்றும் வெயிலும் கடுமையாக உள்ள இடத்தில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் அங்கேயே பார்த்துத்தான் மாற்றும் நாளைக் குறிக்க வேண்டும். பொறியில் விழுந்த ஆண்களின் எண்ணிக்கை மட்டும் விளைவைக் காட்டாது. வாடிய குருத்துகளையும் புழுக் குத்திய காய்களையும் பொறி வைத்த தோட்டத்திலும் வைக்காத தோட்டத்திலும் எண்ணி ஒப்பிட்ட பிறகே பொறி பயிரைக் காத்ததா என்று சொல்ல முடியும்.